ஒற்றர் கேட்ட பாட்டுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கால்சட்டையோடு சேர்ந்து வந்தது. இதை ஒளித்து என்ன ஆகப் போகிறது? இடுப்பில் இறுக்க ஆரம்பித்த கால்சட்டையைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லி, துணி திருத்திக் கொடுக்கும் ஓர் அம்மாவிடம் போயிருந்தேன். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரி மேசை, ஆளுயரக் கண்ணாடி, ஊரார் உடைகள் தொங்கும் ஒரு கம்பி. உள்ளறை வாசலில் திரை. திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

முதலில் ஏதோ ஊர்வலத்தில் பிடித்தது போன்ற பேண்டு வாத்தியம். அது முடிந்ததும் எனக்குத் தெரியாத மொழியில் ஒரு தாலாட்டு. அதற்கடுத்து, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டிய ரகத்தில் ஒரு குத்துப்பாட்டு.

"உள்ள பையன் இருக்கானா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "வீட்டுக்காரர்" என்றார்.

அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு சட்டை, ஒரு கோட்டு, கிழியவே கிழியாத ஒரு திரைச்சீலை என்று நானும் காரணம் கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்டபடி, முகம் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பேர் மட்டும் போடாதீங்க. அச்சகத்துல அவருக்குத் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. தப்புக் கண்டுபிடிக்கணும்னே படிப்பாங்க."

2

தொடக்கங்கள்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட அந்த"

(வேண்டாம். சொல்ல ஒன்றும் இல்லாதபோதுதான் நான் முதல் வரியில் மழையைக் கூப்பிடுவேன்.)

"அவர் கொடுமைக்காரர்."

(இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. இப்படி எழுதினால் அந்த அம்மாவே சண்டைக்கு வருவார்.)

"அவர் நல்ல மனிதர், ஆனால்"

(இந்த 'ஆனால்' இருக்கிறதே, இதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டிவிட்டேன்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கமும் அவர் கண்ணில் பட்டாக வேண்டும். அங்கே அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். வேவு பார்த்ததால் வந்த பெயர் இல்லை. எங்கே ஒரு ஒற்று விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார் என்பதால் வந்தது. 'க்' போட வேண்டிய இடத்தில் போடாமல் எவனும் அவரிடமிருந்து தப்பியதில்லை. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.*

* இந்தக் கதையிலும் ஒற்று விட்ட இடங்கள் இருக்கும். மூன்று முறை பார்த்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்ற நினைப்பில் நாலாவது முறையும் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரில் அந்த அம்மாவை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப் போகிறேன். அவள் பக்கத்தில் போய் நிற்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. கணவரை 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், கூசியது. அவளும் அவரும் என்றே இருக்கட்டும். தமிழில் இந்த ஏற்றத்தாழ்வை நமக்கு முன்பே யாரோ செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

3

அவளுக்கு 'ழ' வராது. சின்ன வயதிலிருந்தே 'ள'தான். பழம் பளமாகும், கிழமை கிளமையாகும். கல்யாணமான புதிதில் அவர் அதைச் சிரித்துக்கொண்டே திருத்தினார். அவளும் சிரித்துக்கொண்டே தோற்றாள். போகப் போகச் சிரிப்பு உதிர்ந்து, திருத்தம் மட்டும் நின்றது. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எங்கே போகிறது என்று அவர் பார்க்கமாட்டார். எங்கே தடுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவள் சன்னலைப் பார்த்து, "மள வரும் போலிருக்கு" என்றாள்.

"மழ" என்றார் அவர்.

அவள் மறுபடி சன்னல் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு. நாக்க மேல மடிச்சு. மழ."

"மள."

வந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இதமான சிரிப்புதான். அவரும் சிரித்தார். மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்தவில்லை. தேவையான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டாள். சாப்பாடு. சாவி. மருந்து. கரண்ட் பில். இவற்றில் எதிலும் 'ழ' கிடையாது என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன். அவளிடம் கேட்கவில்லை.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அவர் ஓய்வு பெற்றார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய பாட்டு பிளேயர். வெளியே இயந்திரத்தின் கடகட, உள்ளே அவருக்கு மட்டும் கேட்கும் ஏதோ ஒன்று. என்ன கேட்கிறார் என்று அவள் கேட்டதில்லை. உயர்ந்த சங்கீதமாக இருக்கும், தனக்குப் புரியாத ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வருடங்கள் இப்படியே போயின. எத்தனை என்று எழுதினால் நீங்கள் அதை மட்டும் பிடித்துக்கொள்வீர்கள்.

4

பிறகு ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

வலது கையும் காலும் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, கண்ணில் தெரிகிறது, வாய் வரைக்கும் வருகிறது, அங்கே சிதறிவிடுகிறது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

சரி.

தண்ணீர் வேண்டுமா? சரி. வேண்டாமா? சரி. வலிக்கிறதா? சரி. சமயத்தில் அழுதுகொண்டே, மேசையைத் தட்டிக்கொண்டே, சரி சரி சரி.

(நான் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்கத் 'தப்பு' என்று சொன்ன மனிதருக்குச் 'சரி' மட்டும் மிஞ்சியது என்று எழுதினால் எந்தப் பத்திரிகைக்காரரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "இத மாத்திடவா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "மாத்தினா அவர் என்ன சொல்வாரு? அதான் வாயில வருது" என்றார். விட்டுவிட்டேன்.)

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பொறுமைசாலி. படம் காட்டினாள், உதட்டைக் குவித்துக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் கிளம்பும்போது கேட்டாள்:

"பாட்டுக் கேப்பாரா?"

"எப்பவும் அதே வேலைதான்."

"போட்டு விடுங்க. பேச்சு போனவங்க சில பேருக்குப் பாட்டு மட்டும் நிக்கும். கூடவே பாடுவாங்க, வார்த்தையோட. எல்லாருக்கும் இல்ல. போட்டுப் பாருங்க."

எந்தப் பாட்டைப் போடுவது? அவரிடம் கேட்க முடியாது. பிளேயரைத் திறந்து பார்த்தால் பாட்டுகளுக்குப் பெயரே இல்லை. ஊரார் எழுத்தையெல்லாம் ஒழுங்குபடுத்திய மனிதர் தன் பாட்டுகளை வெறும் எண்களாகப் போட்டு வைத்திருந்தார். ஆயிரக்கணக்கில். யார் யாரிடமிருந்தோ வாங்கியவை, பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றியவை.

மகள் போனில் வழி சொன்னாள். "ரெண்டு அம்பு பின்னிக்கிட்ட மாதிரி ஒரு குறி இருக்கும் பாரும்மா. அத அமுக்கு. அதுவே சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைச்சுப் போட்டுக்கும்."

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினாள். குறியை அமுக்கினாள்.

5

உயர்ந்த சங்கீதம் வரவில்லை.

வந்தது ஒரு கோமாளிப் பாட்டு. தும்மலும் விக்கலுமாக ஒருவன் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினான். அடுத்து யாரோ புல்லாங்குழல் பழகும் சத்தம், நடுவில் இருமலோடு. அடுத்து பந்தாட்ட மைதானத்தில் ஆயிரம் பேர் கரகரவென்று ஒன்றாகப் பாடியது. சாமியே இல்லை என்று வாதாடிய மனிதரின் பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மதத்தின் பிரார்த்தனையும், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு மதத்தின் பிரார்த்தனையும் வந்தன. எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை வேறொரு பக்கமும் கிடக்கும் குத்துப்பாட்டுகள் வந்தன. இதையெல்லாம் அச்சகத்தில் கொடுத்திருந்தால் சிவப்பு மையில் குளிப்பாட்டியிருப்பார்.

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள். இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றாள்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அவள் உருகுவதாக, திரைக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதாக. எழுத நன்றாகத்தான் வந்தது. ஆனால் நடந்தது வேறு.)

ஒரு பெண் குரல். வயதான, கொஞ்சம் அடைத்த குரல். அந்தப் பாட்டு இருமுறை, மும்முறை வந்தது. கலைத்துப் போடும் பெட்டி ஒரே பாட்டை எப்படி இத்தனை தடவை எடுக்கும்? அவர் அதை வெவ்வேறு இடங்களில் பல பிரதிகள் வைத்திருந்தார், அதனால்தான். அவ்வளவு பிடித்திருக்கிறது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். அந்தப் பாடகி மழையைப் பற்றிப் பாடினாள்.

'மளை' என்று பாடினாள்.

தெளிவாக, கூச்சமே இல்லாமல், ஒவ்வொரு முறையும் மளை, மளை என்று.

அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். உள்ளே போய் அவர் எதிரில் நின்றாள்.

"இவ சொன்னா இனிக்குதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவ மள மளன்னு பாடறா. அதக் காதுல மாட்டிக்கிட்டு மயங்கிக் கெடந்திருக்கீங்க. நான் சொன்னா மட்டும் ஊரக் கூட்டிச் சிரிக்க வெச்சீங்க. என் நாக்குல அப்படி என்ன முள்ளா இருந்துச்சு?"

"சரி" என்றார் அவர்.

"என்ன சரி?"

"சரி. சரி." இடது கை எழுந்து காற்றில் எதையோ எழுதப் பார்த்து இறங்கியது.

எத்தனையோ வருஷம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியங்கள் அவை. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது என்றாள். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. பாட்டு ஓட ஓட அவள் திட்டினாள், கேலி செய்தாள், "இது யாரு குடுத்த பாட்டு, அச்சகத்துல எழுத்துக் கோக்கிற அந்தக் குண்டு கம்பாசிட்டரா?" என்று விசாரித்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். சில சரிகள் கேள்வி போல இருந்தன, சில மன்னிப்புப் போல. அவள் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டாள்.

அவை நல்ல நாட்கள் என்று எழுதலாம்தான். எழுதினால் அடுத்த பகுதிக்கு நான் போக வேண்டியிருக்காது.

6

ஒரு பிற்பகல். அவருடைய செயலிழந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி புதிதாக ஒரு பாட்டை எடுத்தது. வாத்தியம் எதுவும் இல்லை. யாரோ ஒருவன் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு பாடுகிறான்; சுற்றி நாலைந்து பேர் இருக்கிற சத்தம்.

கதவு தட்டுற சத்தம் கேட்டா யாருன்னு கேளு,
காத்தா இருந்தா உள்ளே வரச் சொல்லு.

அந்த இரண்டு அடிகளும் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டாம் முறை வந்தபோது அவர் விரல் அவள் மடியில் அசைந்தது. மூன்றாம் முறை அவர் வாய் திறந்தது.

"கதவு தட்டுற சத்தம் கேட்டா..."

முழுச் சொற்கள். உடையாமல், சிதறாமல், சுருதிகூட விலகாமல். அவள் நகவெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"...யாருன்னு கேளு. நானா இருந்தா உள்ளே வரச் சொல்லு."

அவள் சொன்னாள்:

"நானா இல்ல. காத்தா."

ஏன் சொன்னாள்? யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு அதுவாகப் புரண்டது. அத்தனை வருஷம் அவரோடு இருந்து அந்தப் பழக்கம் அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். சந்தோஷத்தில் உளறியதாகவும் இருக்கலாம், குழந்தை முதல் வார்த்தை பேசும்போது நாம் அவசரப்பட்டு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது போல. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன, அதனால் இரண்டையும் நம்பவில்லை.

அவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

பாட்டு அதன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. அடுத்து பந்தாட்டக் கூட்டம் கரகரத்தது. அப்போதுதான், கையில் நகவெட்டியோடு, அவர் என்ன பாடினார் என்பது அவளுக்கு உறைத்தது. நானா இருந்தா உள்ளே வரச் சொல்லு.

பாய்ந்து போய்ப் பெட்டியில் முந்தைய பாட்டுக்கான பொத்தானை அமுக்கினாள். கலைத்துப் போட்டிருக்கும்போது அந்தப் பழைய பெட்டிக்கு 'முந்தைய' என்றால் என்னவென்று தெரியாது. அது வேறு எதையோ எடுத்துக் கொடுத்தது. மறுபடி அமுக்கினாள். இன்னும் வேறு.

(ஒரு வரைவில் அவளைப் பேசாமல் இருக்க வைத்தேன். அவர் பாடி முடிக்கிறார், அவள் "வாங்க" என்கிறாள், இருவரும் அழுகிறார்கள். அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, "அப்படி நடந்திருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட சொல்லப் போறேன்?" என்றார்.)

7

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. மற்றப் பாட்டுகளுக்கும் வாய் திறக்கவில்லை. சரி என்பதுகூடக் குறைந்துவிட்டது.

பயிற்சிப் பெண்ணிடம் கேட்டாள். "சொல் மாறி வர்றது ரொம்ப சகஜம்மா. மேசைன்னு சொல்ல வந்து நாற்காலின்னு சொல்வாங்க. காத்துக்குப் பதிலா நான்னு வந்திருக்கும். அதுல அர்த்தம் தேடாதீங்க" என்றாள் அந்தப் பெண். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அர்த்தம் இருந்தால் அவள் செய்தது பாவம். இல்லையென்றால் அவர் அவளிடம் எதையுமே கேட்கவில்லை. எதை விரும்புவது?

மகள் போனில் சொன்னாள்: "ஒரு வரி ஞாபகம் இருந்தா சொல்லும்மா. லீவுல வரும்போது உக்காந்து எல்லாத்தையும் வரிசையா கேட்டு எடுத்துடலாம்."

"ஞாபகம் இல்லடி" என்றாள்.

எனக்கு இந்த இடம் புரியவில்லை. அவளுக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம், என்னிடமே சொல்லியிருக்கிறாள். அம்புக்குறியை எடுத்துவிட்டு முதல் எண்ணிலிருந்து போட்டுக்கொண்டே போனால் சில வாரங்களில் கிடைத்துவிடும். ஏன் தேடவில்லை என்று கேட்டேன். ஒரு சட்டைக் காலரை இஸ்திரி போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"தேடி எடுத்துப் போட்டு, அவர் பாடலைன்னா?"

சட்டையை மடித்து வைத்தார்.

"இப்ப அந்தப் பாட்டு வரல, அதனால அவர் பாடல. அப்படின்னு வெச்சிருக்கேன் சார். அதையும் ஏன் கலைக்கணும்?"

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒரு பிற்பகல் அந்தப் பாட்டு வருகிறது. அவர் 'நானா' என்றே பாடுகிறார். அவள் பதில் சொல்கிறாள். (நீங்கள் விரும்புவது இதுதான் என்று தெரியும். நானும் மனிதன்தான்.)

பாட்டு வருவதற்குள் அவர் போய்விடுகிறார். வீடு நிறைய ஆட்கள் நிற்கும்போது, யாரோ அணைக்க மறந்த பெட்டி அதை

(போதும். இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

மூன்றாவதைத்தான் நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு வருகிறது. அவர் வாய் திறக்கிறார். பாடுகிறார். 'காத்தா' என்று சரியாகப் பாடுகிறார்.

இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. ஆனால் அவருக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவும் இல்லை.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா தலையசைத்தார். ஏதோ ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. அப்போது கவனித்தேன்: பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி வருகிறது, அந்த இடைவெளியில் அவர் கால் மிதியின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது. ஊசி துணிக்கு மேலே நிற்கிறது. உள்ளே நாற்காலியும் கிறீச்சிடவில்லை. அடுத்த பாட்டு இன்னதென்று தெரிந்ததும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை நிற்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் நின்றுகொண்டிருந்தபோதே அந்தப் பாட்டும் முடிந்தது. கால் நின்றது. ஊசி நின்றது.

அடுத்ததைக் கேட்காமல் நான் தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. உங்களுக்கு முடிந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஏதாவது காதில் விழுந்தால், எந்தச் சொல் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.